சன்னிவேலில் 1,90,000, ஆஸ்டினில் 1,68,000: எது கூட?

வாசகி கேள்வி:

கலிபோர்னியாவில் சன்னிவேலில் டேட்டா சயின்டிஸ்டாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 1,90,000 டாலர், 10 சதவீத போனஸ், அதோடு வருடத்துக்குச் சுமார் 40,000 டாலர் மதிப்புள்ள நிறுவனப் பங்குகள். கணவர் ஹெச்-4 என்னும் துணைவர் விசாவில் வீட்டில் இருக்கிறார். மூன்று வயதில் ஒரு மகள். டெக்சாஸில் ஆஸ்டின் அலுவலகத்துக்கு மாறிக்கொள்ளலாம், ஆனால் அடிப்படைச் சம்பளம் 1,68,000 ஆகிவிடும் என்று நிறுவனம் சொல்கிறது. பங்குகள் குறையாது. இணையத்தில் ஒரு கணக்குக் கருவியில் போட்டுப் பார்த்தேன். ஆஸ்டினில் 1,68,000 வாங்குவது இங்கே 2,60,000 வாங்குவதற்குச் சமம் என்று வந்தது. அதைப் பார்த்ததிலிருந்து கணவர் உடனே கிளம்பலாம் என்கிறார். எனக்கோ சம்பளம் குறைவதே உறுத்துகிறது. மதுரையில் அப்பா அம்மாவின் வீட்டுக் கடனுக்கும் செலவுக்குமாக மாதம் 1,500 டாலர் அனுப்புகிறேன். இங்கே வாடகை 3,800, மகளின் பள்ளிக்கு 2,100. ஆஸ்டினில் பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு வாடகை 2,100, பள்ளிக்கு 1,500. ஆனால் அங்கே இரண்டாவது கார் இல்லாமல் முடியாது. ஹெச்-1பி வேலை விசாவில் இது எனக்கு நான்காவது வருடம். கிரீன் கார்டுக்கான பெர்ம் வேலையை இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள். போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போனால் உங்கள் கையில் வருடத்துக்குச் சுமார் 14,000 டாலர் கூடுதலாக நிற்கும். கருவி காட்டிய 70,000 டாலர் லாபம் எங்கும் இல்லை, நீங்கள் பயப்படும் 22,000 டாலர் நஷ்டமும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் சம்பளத்தைவிடப் பெரிய விஷயம் கடைசி வரிகளில் இருக்கிறது. முதலில் கணக்கை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நிறுவனங்களில் சம்பள விகிதம் நிர்ணயிக்கும் வேலையில் இருப்பவன் நான். இடம் மாறுகிறவர்களில் பெரும்பாலோர் நீங்கள் செய்ததைத்தான் செய்கிறார்கள்: முழுச் சம்பளத்தையும் ஒரு குறியீட்டு எண்ணால் பெருக்கியோ வகுத்தோ பார்க்கிறார்கள். உங்கள் முழுச் சம்பளமும் சன்னிவேல் கடைகளிலேயே செலவாகிறது என்றால்தான் அந்தக் கணக்கு சரி. வாடகை, பள்ளி, மளிகை, பெட்ரோல், போன் எல்லாம் சேர்த்தால் மாதம் 7,900 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 95,000-க்குக் கொஞ்சம் குறைவு. பங்குகளும் போனஸும் சேர்ந்த உங்கள் மொத்த வருமானம் 2,49,000. அதாவது சன்னிவேல் விலைவாசி தொடுவது உங்கள் வருமானத்தில் 40 சதவீதத்துக்கும் கீழேதான். மிச்சம் மத்திய அரசு வரிக்கும், 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக்கும், மதுரைக்கும், பங்குகளுக்கும் போகிறது. மதுரைக்கு அனுப்பும் 1,500 டாலர் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அதே 1,500 டாலர்தான். 401கே வரம்பு 2025-இல் 23,500 டாலர். அது ஊருக்கு ஊர் மாறுவதில்லை. இவற்றையெல்லாம் சேர்த்து விலைவாசிக் குறியீட்டால் பெருக்கினால், இல்லாத பணம் தாளில் வந்து நிற்கும்.

குறியீட்டிலும் பல வகை உண்டு. அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் வருடந்தோறும் மாநிலவாரியாகவும் பெருநகரவாரியாகவும் விலைநிலைக் குறியீட்டை வெளியிடுகிறது. நாட்டின் சராசரியை 100 என்று வைத்தால் கலிபோர்னியா சுமார் 112, டெக்சாஸ் 97-ஐ ஒட்டி. இடைவெளி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் உடைத்துப் பார்த்தால் மளிகை, துணிமணி போன்ற பொருட்களில் வித்தியாசம் கொஞ்சம்தான். கலிபோர்னியாவை மேலே தூக்குவது வீட்டு வாடகை. அது மட்டும் நாட்டுச் சராசரியைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். இணையக் கருவிகள் பலவற்றில் வாடகையோடு புது வீட்டின் விலையும் கடன் தவணையும் சேர்ந்தே கணக்கில் வருகின்றன. சன்னிவேல் இருக்கும் சான்ட்டா கிளாரா மாவட்டத்து வீட்டு விலை உள்ளே நுழைந்தால் எந்தக் குறியீடும் எகிறத்தான் செய்யும். நீங்கள் அங்கே வீடு வாங்கியிருக்கவில்லை. 3,800 வாடகை கொடுக்கிறீர்கள். உங்கள் கணக்கில் நுழைய வேண்டியது அந்த 3,800 மட்டுமே.

ஆகவே வகுத்தலை விட்டுவிட்டு, இரண்டு ஊர்களிலும் உங்கள் கைக்கு வருவதிலிருந்து உங்கள் செலவைக் கழித்துப் பார்ப்போம். 2025 வரி விதிகள், கணவரோடு சேர்ந்து வரிக் கணக்குத் தாக்கல், 401கே முழு வரம்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்டினில் அடிப்படைச் சம்பளம் 22,000 குறைகிறது. போனஸ் அதன் 10 சதவீதம் என்பதால் அங்கும் 2,200 போகிறது. மொத்தம் 24,200. இந்தத் தொகை முழுக்க நீங்கள் 22 சதவீத மத்திய வரி கட்டிக்கொண்டிருக்கும் அடுக்கில் விழுகிறது, 1.45 சதவீத மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் உண்டு. அப்படியானால் மத்திய அரசுக்குக் கட்டுவதில் சுமார் 5,700 மிச்சம். சோஷியல் செக்யூரிட்டி என்னும் ஓய்வூதிய வரியில் மாற்றமில்லை. 2025-இல் அதன் உச்சவரம்பான 1,76,100 டாலரை இரண்டு ஊரிலும் நீங்கள் தாண்டிவிடுகிறீர்கள். ஆக கைக்கு வருவதில் இதுவரை 18,500 குறைவு.

இனி கலிபோர்னியா மாநில வரி. உங்கள் வருமானத்தில் மேல்பகுதி 9.3 சதவீத அடுக்கில் இருக்கிறது. மாநில ஊனமுற்றோர் காப்பீட்டுக்கென்று 2025-இல் தனியாக 1.2 சதவீதம் பிடித்தார்கள். 2024 ஜனவரியிலிருந்து அதற்கு உச்சவரம்பே இல்லை, முழுச் சம்பளத்துக்கும் பிடிப்பு உண்டு. இரண்டும் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 15,000 டாலர் போகிறது. டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது. 18,500-இல் 15,000 திரும்பி வந்துவிட்டால் உண்மையான குறைவு 3,500 டாலர். மாதம் 300-க்கும் கீழே. சம்பளச் சீட்டில் 22,000 குறைகிறதே என்று உறுத்திக்கொண்டிருந்தது இந்த 3,500-தான்.

இதில் ஒன்று கவனியுங்கள், பலருக்கும் இது தெரிவதில்லை. கலிபோர்னியாவில் இருந்தபோது உங்களுக்கு ஒதுக்கிய பங்குகள் நீங்கள் ஆஸ்டினுக்குப் போனபிறகு கைக்கு வந்தாலும், கலிபோர்னியா அதில் தன் பங்கு வரியைக் கேட்கும். ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வரும் நாள்வரை எத்தனை வேலைநாள் கலிபோர்னியாவில் இருந்தீர்களோ, அந்த விகிதத்துக்கு வரி. முதல் வருடம் அது 2,000 டாலர் வரை வரலாம், பிறகு வருடாவருடம் கரையும். நீங்கள் மாறிய வருடத்தில் பகுதி வருடக் குடியிருப்பாளராகவும் அடுத்த வருடங்களில் வெளிமாநிலத்தவராகவும் கலிபோர்னியாவுக்குக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். போய்விட்டோமே என்று விட்டுவிடாதீர்கள், அபராதத்தோடு கடிதம் வரும்.

செலவுப் பக்கம் சுருக்கமானது. வாடகையில் மாதம் 1,700, வருடத்துக்கு 20,400 மிச்சம். பள்ளியில் 7,200 மிச்சம். இரண்டாவது காருக்குத் தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதம் 650 என்றால் வருடத்துக்கு 7,800 கூடுதல். ஆஸ்டின் கோடைக்கு ஏசி ஓடும் கரண்ட் பில்லில் வருடத்துக்கு இன்னொரு 1,000 வைத்துக்கொள்ளுங்கள். மளிகையை நான் தொடவே இல்லை. அரிசி, பருப்பு விலையில் ஊர் மாறுவதற்கான காரணம் எதுவும் இல்லை. நிகர மிச்சம் 18,800. அதில் வருமானக் குறைவு 3,500-ஐக் கழியுங்கள். நிறுவனம் 401கே-யில் சம்பளத்தின் 4 சதவீதத்தைத் தன் பங்காகப் போடுவதாக இருந்தால் அதிலும் 880 குறையும். எல்லாம் போக 14,000-க்குக் கொஞ்சம் மேல். மாதம் 1,200 டாலர். மதுரைக் கடனை நினைத்தால் இது பெரிய பணம்தான்.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. சன்னிவேலில் தனி வீடு 20 லட்சம் டாலரைத் தாண்டி நிற்கிறது. உங்கள் ஒற்றைச் சம்பளத்தில் அது எட்டாது என்று பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக், சீடர் பார்க் பக்கம் அதில் நாலில் ஒரு பங்கு விலைக்கே நல்ல வீடு கிடைக்கும். ஆனால் டெக்சாஸ் வருமான வரியில் விட்டதைச் சொத்து வரியில் பிடிக்கிறது. அந்தப் பகுதிகளில் வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தை ஒட்டி வருடாவருடம் கட்ட வேண்டியிருக்கும். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 10,000 டாலர் அளவில். கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவின்படி அடிப்படை வரி 1 சதவீதம், வரிக்கான மதிப்பும் வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முன்பே வாங்கியவர்களுக்கு அது வரம். இன்றைக்கு வாங்கப் போகிற உங்களுக்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை.

இப்போது சம்பளப் பேச்சு. உங்கள் மேலாளரிடம் போய், ஆஸ்டினில் வாழ்க்கைச் செலவு இவ்வளவு, அதனால் இவ்வளவு கொடுங்கள் என்று வாதாட வேண்டாம். நிறுவனங்கள் ஊருக்கு ஊர் சம்பளத்தை மாற்றுவது அந்த ஊர் வாடகையைப் பார்த்து அல்ல. அந்த ஊரில் இதே வேலைக்கு மற்ற நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்பதைப் பார்த்துத்தான். உங்கள் பக்கத்து ஊரான சான் ஹோசேயில் சம்பளம் உயர்ந்திருப்பதற்குக் காரணம், ஒரே ஆளை இழுக்கப் பத்து நிறுவனங்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்பது. விலைவாசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அதனால்தான் சில ஊர்களில் செலவு அதிகமாக இருந்தும் சம்பளம் உயர்வதில்லை.

எனவே பேச வேண்டியது சந்தை விலையை வைத்து. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி 2024 மே மாதத்தில் டேட்டா சயின்டிஸ்டுகளின் நடுநிலைச் சம்பளம் நாடு முழுக்க 1,12,590 டாலர். பெருநகரவாரியாகவும் அதே அட்டவணை கிடைக்கும். ஆனால் அதில் பங்குகள் சேராது, அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு அது பாதிப் படம்தான். அதைவிடக் கூர்மையான கருவி உங்கள் விசாவிலேயே இருக்கிறது. ஹெச்-1பி ஊழியர் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் தொழிலாளர் துறையில் தாக்கல் செய்யும் விண்ணப்பத்தில் ஊர், பதவி, சம்பளம் மூன்றும் உண்டு. தொழிலாளர் துறை அந்தத் தரவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவெளியில் வைக்கிறது. உங்கள் நிறுவனமே ஆஸ்டினில் உங்கள் பதவிக்கு என்ன கொடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். தரவைத் தோண்டுவதுதானே உங்கள் தொழில், ஒரு மாலை வேலை. அங்கே 1,75,000 என்று நாலு வரி கண்ணில் பட்டால் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். டெக்சாஸில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு 1,000 டாலரிலும் 760-க்கு மேல் கைக்கு வரும். கலிபோர்னியாவில் அது 660.

பேச்சில் இன்னும் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். பங்குகள் குறையாது என்றார்களே, அது ஏற்கெனவே ஒதுக்கியதற்கா, இனி வருடாவருடம் புதிதாகக் கொடுக்கப் போவதற்குமா? பல இடங்களில் பழையதைத் தொடமாட்டார்கள், புதியதை ஊர் விகிதத்தில் குறைப்பார்கள். 40,000-இல் 12 சதவீதம் போனால் அது 4,800 டாலர். அடுத்து, பிறகு சன்னிவேல் இருக்கும் பே ஏரியாவுக்கே திரும்பினால் சம்பளமும் திரும்ப உயருமா? குறைக்கும்போது தானாக நடப்பது, உயர்த்தும்போது ஒப்புதல் கேட்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு நிறுவனத்துக்கு மாறித் திரும்புவதாக இருந்தால் இந்தப் பயம் வேண்டாம், பழைய சம்பளத்தைக் கேட்பதைக் கலிபோர்னியா சட்டம் 2018-இலிருந்தே தடுத்திருக்கிறது.

உங்கள் நிறுவனத்துக்கு சியாட்டிலில் அலுவலகம் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். அது இருக்கும் வாஷிங்டன் மாநிலத்திலும் உங்கள் அளவுச் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. பல நிறுவனங்கள் சியாட்டில் சம்பளத்தை பே ஏரியாவுக்கு அடுத்த படியில்தான் வைக்கின்றன. வாடகை ஆஸ்டினைவிட அதிகம், ஆனால் 22,000 குறைவுக்குப் பதில் சில ஆயிரம் குறைவில் முடியலாம். வாஷிங்டனிலும் கலிபோர்னியாவிலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பை அச்சிட வேண்டும் என்ற சட்டம் 2023 முதல் இருக்கிறது, அதனால் கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம்.

இனி அந்தக் கடைசி வரிகள். பெர்ம் என்பது குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட வேலைக்கு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவனம் நிரூபிப்பது. சன்னிவேலுக்காக நடக்கும் பெர்ம் ஆஸ்டினுக்குச் செல்லாது. பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு ஒரு வருடத்துக்கும் மேலாகிவிடுகிறது. ஹெச்-1பி ஆறு வருடம்தான். அதற்குமேல் நீட்டிக்க, பெர்ம் தாக்கலாகி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது பெர்முக்கு அடுத்து கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். நான்காவது வருடத்தில் இருக்கும் நீங்கள் இப்போது ஒரு வருடத்தை இழந்தால் ஆறாவது வருடம் கழுத்தைப் பிடிக்கும். 14,000 டாலருக்காக அந்த நெருக்கடியை வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

அதற்காகப் போகவே கூடாது என்றும் இல்லை. பெர்ம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நிறுவனத்தின் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள், மனிதவளத் துறையின் பொதுவான பதிலோடு நின்றுவிடாதீர்கள். விளம்பரம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் ஊரை இப்போதே ஆஸ்டின் என்று மாற்றித் தொடங்கச் சொல்லலாம், சில மாதங்கள்தான் போகும். தாக்கல் செய்துவிட்டார்கள் என்றால் அது முடிந்து ஐ-140 ஒப்புதல் வரும்வரை சன்னிவேலை விட்டு அசையாமல் இருப்பதே நல்லது. ஒப்புதலுக்குப் பிறகு மாறினாலும் ஆஸ்டினுக்குப் புது பெர்ம் வேண்டியிருக்கும், ஆனால் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி உங்களுடனேயே வரும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தத் தேதிதான் சொத்து.

ஐ-140 ஒப்புதலில் உங்கள் வீட்டுக்கு இன்னொரு கதவும் திறக்கிறது. 2015 விதியின்படி அதற்குப் பிறகு ஹெச்-4 விசாவில் இருக்கும் உங்கள் கணவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய தொழில் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன். அவருக்குச் சாதாரண வேலை ஒன்று கிடைத்தாலே இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள இந்த 14,000 வித்தியாசம் அடிபட்டுப் போகும். அவர் துறையில் எந்த ஊரில் வேலை அதிகம் என்பதை இப்போதே அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கருவி காட்டிய எண்ணைப் பார்த்து அவசரப்படுகிறாரா, வீட்டிலேயே அடைபட்டுக் கிடப்பதால் ஊர் மாறினால் போதும் என்று நினைக்கிறாரா என்பதை உட்கார்ந்து பேசுவதும் நல்லது.

எந்தக் குறியீட்டிலும் வராத செலவு ஒன்று இருக்கிறது. ஹெச்-1பி ஊழியருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் அடுத்த நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும். பே ஏரியாவில் டேட்டா சயின்டிஸ்டைத் தேடும் நிறுவனங்கள் நிறைய. ஆஸ்டினிலும் பெரிய நிறுவனங்களின் அலுவலகங்கள் இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை குறைவு. ஒற்றைச் சம்பளத்தில், சிறு குழந்தையோடு, ஊரில் கடனோடு இருப்பவர் இதை எடைபோடாமல் இருக்க முடியாது. ஆஸ்டினில் மிச்சமாகும் முதல் வருடப் பணத்தைக் கடனை முன்கூட்டி அடைக்கப் போடாமல், ஆறு மாதச் செலவுக்குத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

போவதென்று முடிவானால் இரண்டு வேலைகள். புதிய ஊர் வேறு பெருநகரப் பகுதி என்பதால் நீங்கள் ஆஸ்டினில் வேலையைத் தொடங்கும் முன்பே திருத்திய ஹெச்-1பி விண்ணப்பம் தாக்கலாகியிருக்க வேண்டும். ரசீது எண் கைக்கு வராமல் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்தால் ஜனவரித் தொடக்கத்தில் மாறுங்கள். ஆகஸ்டில் மாறினால் வருடத்தில் ஏழெட்டு மாதச் சம்பளத்துக்குக் கலிபோர்னியா வரி கட்டிக்கொண்டே குறைந்த ஆஸ்டின் சம்பளத்துக்கும் போய்விடுவீர்கள், முதல் வருட மிச்சம் கணிசமாகச் சுருங்கும். வக்கீல் என்ன சொன்னார், கணவரின் துறை என்ன என்று எழுதுங்கள், மீதிக் கணக்கை அதை வைத்துப் போட்டுத் தருகிறேன்.